இடப்பக்கத் தேய்மானம்

"இவங்கதாங்க ஓட்டிப் பழகுனாங்க, அதான் டயர் இப்படி" என்று சம்பத்திடம் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரர் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டி டீ குடிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. இனி இந்தத் தடாகம் ரோட்டு டயர்க் கடையில் நான் எதைச் சொன்னாலும் அது வண்டி ஓட்டத் தெரியாத பொம்பளை சொன்னதுதான். கடைக்காரர் சம்பத்துக்கு என் தம்பி வயதிருக்கும். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், மனசு நோகாமல் சிரிக்கிறாராம். "பரவால்லீங்க்கா, எல்லாரும் இடிச்சு ஒரசித்தான் பழகுறது." நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன், விரல் நுனி வெளுத்துப்போகும்வரை. பொங்கலுக்கு அப்புறம் அந்த ஸ்டியரிங்கை நான் தொடவே இல்லை தம்பி என்று சொல்லலாம். சொன்னால் நம்புவாரா. நம்பினால்தான் என்ன, நம்ப வேண்டியவர் எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர் நாச்சிமுத்து. ஸ்பின்னிங் மில்லில் ஆள் ஏற்றும் பஸ்ஸை வேலைக்காலம் முழுக்க ஓட்டி, ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓய்வு வாங்கியவர். காலை ஷிப்டுக்கு வரும் பெண்கள் ஏறினதும் தூங்கிவிடுவார்களாம், மில் கேட் வரைக்கும் ஒருத்திக்குக்கூட முழிப்பு வராதாம், அப்படி ஓட்டுவாராம். இந்தக் கதையைக் கேட்டுக்கேட்டு எனக்கே அந்தப் பஸ்ஸில் தூங்கியதுபோல ஞாபகம். அப்படிப்பட்டவர் வீட்டில், அப்படிப்பட்டவர் காரில், இடப்பக்க டயர் இரண்டும் பக்கவாட்டில் இப்படித் தேய்ந்தால் யார் செய்திருப்பார்கள். ஊரைக் கேட்டாலும் என்னைத்தான் காட்டும்.

கார் லிஃப்டில் ஏறி நிற்கிறது. நாலு சக்கரமும் அந்தரத்தில் தொங்க, தூக்கிக் காட்டப்பட்ட ஆட்டுக்குட்டிபோல அசிங்கமாக, பாவமாக. நான் பார்க்கக்கூடாததைப் பார்ப்பதுபோல இருக்கிறது. என் வண்டிதான், என் பெயரில்தான் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன், இவர் கற்றுக்கொடுத்தால் கத்துவார் என்று. லைசென்ஸ் வாங்கி வந்த அன்றைக்கு இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார், வடவள்ளி பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் எனக்குக் கியர் எது கிளட்ச் எது என்று மறந்துபோயிற்று. அப்படியும் விடாமல் ஓட்டினேன், வேலை பார்க்கிற லேபுக்கு எடுத்துக்கொண்டு போனேன், மழையில் ஓட்டினேன். மாட்டுப்பொங்கல் அன்றைக்குப் பின்னால் எடுக்கும்போது பின் பம்பர் எங்கள் கேட் தூணில் தட்டியது. தட்டியது என்ன, முத்தம் கொடுத்ததுபோல ஒரு தொடல். இவர் வெளியே வந்து பார்த்தார், சாவியைக் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பேசாமல் வாங்கிக்கொண்டவரிடம் என்ன சண்டை போடுவது. அன்றிலிருந்து எனக்கு டவுன் பஸ்தான். சௌமியாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் அவர், டியூஷனிலிருந்து கூட்டி வருவதும் அவர். பன்னிரண்டாவது படிக்கிறவள், பாட்டுக் கேட்டுக்கொண்டே அப்பாவோடு முன்சீட்டில் போகிறாள். சித்திரையில்தான் முதல் முறையாக டயரைக் கவனித்தார். "பாத்தியா நீ பண்ணுன வேலைய" என்றார். பொங்கல் முடிந்து அத்தனை நாள் ஆகியும் நான் பண்ணின வேலைதான். சரி, இருக்கட்டும், நான் ஓட்டின காலத்தில் எங்கேயோ உரசியிருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வைகாசியில் இடப்பக்கம் இரண்டுக்கும் புது டயர் போட்டார். வலப்பக்கம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஜோடியாக இருக்கட்டும் என்று அதையும் மாற்றினார். இப்போது ஐப்பசி. புது டயர், நான் ஒரு நாள்கூட ஓட்டாத டயர், மறுபடியும் அதே இடப்பக்கம், அதே மாதிரித் தேய்மானம். கேட்டால், "ஒரு நாள் நீ கடைக்கு எடுத்துட்டுப் போகலையா?" என்கிறார். போகவில்லை. போகவே இல்லை. இல்லாத ஒரு நாளை எப்படி இல்லை என்று நிரூபிப்பது.

சம்பத் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். முதலில் காற்று. காற்றுக் குறைந்தால் டயர் அமுங்கிப் பக்கம் தேயும் என்றார். காற்றுப் பார்த்தார், நாலும் சரியாக இருந்தது. இவர் காற்று விஷயத்தில் சாமி கும்பிடுவதுபோல, வாரம் தவறமாட்டார். அப்புறம் அலைன்மென்ட், சக்கரம் நேராக நிற்கிறதா என்று. கம்ப்யூட்டர் திரையில் எல்லாக் கோடும் பச்சையாக வந்தது, ஒன்றுகூடச் சிவப்பில்லை. சம்பத் திரையைத் தட்டிப் பார்த்தார், திரைதான் பொய் சொல்கிறது என்பதுபோல. அப்புறம் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற புஷ் தேய்ந்து ஆட்டம் கொடுத்திருக்கும் என்று சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார், கல்லுப்போல நின்றது. "லோடு ஜாஸ்தி ஏத்துவீங்களாக்கா?" "நானும் என் பொண்ணுந்தான் லோடு." சிரித்தார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. "அப்ப டயரே மோசமான டயரா இருக்கும்க்கா. ரப்பர் சரியில்லாம வந்திருக்கும்." நாலு டயரும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது, மோசமானதெல்லாம் தேடிப் பிடித்து இடப்பக்கத்திலேயே போய் உட்காருமா தம்பி என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "இல்லீனா ஓட்டுறவங்க கைதானுங்க்கா" என்றார். கை என்று சொன்னபோது என் கையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பச்சைத் திரையைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன். எழுந்தேன். "கொஞ்சம் எறக்குங்க, நான் பாக்கோணும்" என்றேன். "கிரீஸ் ஒட்டிக்கும்க்கா." ஒட்டட்டும். தரை வரைக்கும் இறக்கவைத்தேன்.

துணிச் சோதனை லேபில் எனக்கு வேலையே தேய்மானம் பார்ப்பதுதான். வட்டமாக வெட்டின துணியை மெஷினில் மாட்டி, முரட்டுத் துணிமேல் தேய்க்கவிட்டு, எத்தனை சுற்றில் நூல் அறுகிறது, எங்கே முடிச்சு விழுகிறது, எந்தப் பக்கமாக இழை சாய்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். துணி எங்கே தேய்ந்தது என்று கேட்டால் துணியே சொல்லும். முழங்கையில் தேய்ந்ததா, மேஜை விளிம்பில் தேய்ந்ததா, துவைக்கிற கல்லிலா, சொல்லிவிடலாம். அதை நான் ஒரு நாளும் பெரிய வித்தை என்று நினைத்ததில்லை, இன்றைக்கு இந்தச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்காரும்போதுதான் இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. சித்திரையிலேயே பார்த்திருக்கலாம். அவர் சொன்னார், நான் தலை குனிந்துகொண்டேன், குனிந்த தலை டயர் வரைக்கும் குனியவில்லை. போன் வெளிச்சத்தை அடித்தேன். முதலில் வலப்பக்கம் போய்ப் பார்த்தேன். புது டயரில் முடிமுடியாக ரப்பர் நூல் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடப் பக்கவாட்டில் இன்னும் உதிராமல் இருந்தது. எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு தெளிவாக இருந்தது. திரும்ப இடப்பக்கம் வந்தேன். நூல் ஒன்றுகூட இல்லை. எழுத்து மழுங்கி, தடவினால் மட்டும் தெரிகிற மேடாக இருந்தது. ரோட்டில் படுகிற பரப்பு நன்றாக இருந்தது, அதன் ஓரமும் நன்றாக இருந்தது. தேய்ந்தது பிதுங்கி நிற்கிற வயிறு மட்டும். வண்டிக்கு உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன், உள்பக்கம் பிள்ளையின் கன்னம்போல வழவழவென்று இருந்தது. ஆக, வண்டிக்குள் எதுவும் உரசவில்லை. வெளியே இருக்கிற ஏதோ ஒன்று. ஒரே இடத்தில் அடிபட்ட வெட்டும் இல்லை. சக்கரம் முழுக்க ஒரு பட்டையாக, வளையம்போல, சுற்றின போக்கிலேயே நீளநீளமாகக் கீறல். ஓடிக்கொண்டே உரசியிருக்கிறது. ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. எழுத்தின் இடுக்கில் சாம்பல் பொடி. சிமெண்ட். நகத்தால் சுரண்டினேன், சாம்பலோடு மஞ்சளாக ஒரு துகள் வந்தது. பெயிண்ட். கறுப்பும் மஞ்சளுமாக அடித்து வைத்திருக்கிறார்களே, பிளாட்பாரக் கல், அந்த மஞ்சள்.

ஆஹா என்று எனக்குள் ஒன்று குதித்தது. மறைக்கமாட்டேன், குதித்தது. பிளாட்பாரக் கல்லில் உரசி உரசி ஓட்டியிருக்கிறார். மில் பஸ் நாச்சிமுத்து, கீறல் விழாத நாச்சிமுத்து, எல்.போர்டு மாட்டின பிள்ளைபோல ஓரத்துக் கல்லில் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறார். இந்த மஞ்சள் துகளை அப்படியே விரல் நுனியில் வைத்துக்கொண்டு அவர் வந்ததும் மூக்கு முன்னால் நீட்ட வேண்டும். என்ன சொல்லலாம். 'இது நான் எந்த நாள் கடைக்குப் போனதுங்க?' இல்லை, அது நீளம். 'இப்ப சொல்லுங்க.' அதுதான் சரி, இரண்டே வார்த்தை, சம்பத்தும் கேட்கிற மாதிரி. அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். முகம் போகாது, எனக்குத் தெரியும், அவர் 'ரோடு அப்படிக் கெடக்குது' என்பார். சாக்கடைப் பள்ளம், குழாய்ப் பள்ளம், ரோடு எங்கேதான் சரியாக இருக்கிறது. சரி, ரோடு அப்படித்தான், ஓரமாகப் போகத்தான் வேண்டும், ஆனால் ஓரமாகப் போவது வேறு, கல்லோடு கல்லாக உரசுவது வேறு. இவ்வளவு தேய உரசினால் சத்தம் கேட்டிருக்குமே. ஸ்டியரிங்கில் ஒரு இழுப்பு வந்திருக்குமே. பஸ்ஸில் பின்சக்கரம் கல்லில் பட்டால் முதுகில் தெரியும் எனக்கு என்று சொன்னவர். அவருக்கா தெரியாமல் போகும். வேண்டுமென்றே உரசுகிறாரா. என்மேல் பழி போட டயரைத் தேய்க்கிறாரா. சீ, அது பைத்தியக்காரத்தனம், அவர் கோபக்காரர், ஆனால் ஒரு டயருக்கு அநியாயம் செய்கிற மனுஷன் இல்லை. அப்படியானால் ஏன். என் குதிப்பு அந்த ஏனில் போய்ச் சிக்கிக்கொண்டது, சேலை முந்தானை ஆணியில் மாட்டியதுபோல. இழுத்தால் வருகிறதும் இல்லை, கிழிகிறதும் இல்லை. இத்தனை வருஷம் ஓட்டினவருக்கு, ஏன் இடப்பக்கம் மட்டும்.

அப்போதுதான் அவர் எழுந்து ரோட்டைத் தாண்டினார். கையில் எனக்கு ஒரு பேப்பர் கப்பில் டீ. கோபத்திலும் டீ வாங்கி வருவார், அது ஒன்று. ரோட்டின் முதல் பாதியைப் பார்த்துப் பதமாகத் தாண்டினார், வலப்பக்கமிருந்து வந்த டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்தி, கம்பீரமாக. நடுவில் நின்றார். எங்கள் பக்கம் திரும்பினார். இடப்பக்கமிருந்து ஒரு மொபட் வந்துகொண்டிருந்தது. வேகம்கூட இல்லை, பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு உருட்டிக்கொண்டு வந்தது, இங்கிருந்து எனக்குத் தெரிகிறது, சம்பத்துக்குத் தெரிகிறது, அந்தச் சிலிண்டரின் சிவப்பு ரோடு முழுக்கத் தெரிகிறது. அவர் நேராக அதற்குள் நடந்தார். அவசரமே இல்லாமல், வாசலைத் தாண்டி உள்ளே வருகிறவரைப்போல. "ஏனுங்க!" என்று நான் கத்தினேன். மொபட்காரன் காலை ஊன்றி, வண்டியை ஒடித்து, அவர் இடுப்பை உரசிக்கொண்டு நின்றான். டீ அவர் சட்டையெல்லாம். "ஏனுங் பெரியவரே, கண்ணு தெரியாதா?" என்றான். "எங்கிருந்துடா வந்தே நீ?" என்று இவர் கத்தினார். "ரோட்ல தானுங்க வாரேன்! உங்க முன்னாலதான் வாரேன்!" "முன்னால எங்கடா வந்தே?" அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டான். இவர் நின்று, போனவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், சண்டைக்குக் கேட்கிற குரல் வேறு. இது சண்டை இல்லை. எங்கிருந்து வந்தான் என்று நிஜமாகவே கேட்கிறார்.

கண்ணு தெரியாதா. ரோட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் பேரைக் கேட்கிற கேள்வி, எனக்கு மட்டும் அது காதுக்குள் போய்க் கீழே இறங்காமல் அங்கேயே நின்றது. தட்டில் இடப்பக்கம் பொரியலை வைத்தால் அப்படியே இருக்கும். என் சமையலைக் குத்திக் காட்டுகிறார் என்று நான் ஒரு வாரம் பொரியலே வைக்கவில்லை. பேப்பர் படித்துவிட்டுத் தப்புத்தப்பாகச் செய்தி சொல்லுவார், தலைப்பில் முதல் வார்த்தையை விட்டுவிட்டு. வயசாகுது உங்களுக்கு என்று நானும் சௌமியாவும் சிரித்தோம். பூஜை அறை நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டு நிலைக்கே ஒரு வசவு கொடுப்பார். சமையலறையில் அவருக்கு இடப்பக்கமாக நின்று நான் பேசினால் காது கேட்டும் திரும்பாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்லுவார், என்னைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை என்று எத்தனை நாள் பாத்திரத்தைப் போட்டு உடைத்திருப்பேன். மாசியில் ஒரு நாள், சிவராத்திரிக்கு முந்தின நாள், பிடரியில் இடிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார், பித்தம் என்று இஞ்சிச்சாறு கொடுத்தேன், மறுநாள் எழுந்து குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஏதோ ஆகியிருக்கிறது. தலைக்குள் ஏதோ ஒன்று பட்டென்று அணைந்திருக்கிறது, எங்கள் வீட்டில் எல்லாரும் இருக்கும்போதே, நான் இஞ்சி தட்டிக்கொண்டிருக்கும்போதே. இவருக்கு இடப்பக்கம் இல்லை. உலகத்தில் இடப்பக்கம் என்று ஒன்று இருக்கிறது என்பதே போய்விட்டது, போனது அவருக்கே தெரியவில்லை, அதனால்தான் சத்தம் கேட்டாலும் ரோடு சரியில்லை, டயர் சரியில்லை, பொண்டாட்டி சரியில்லை. போன வாரம் சௌமியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, பேசாம நீயே என்னைக் கூட்டிட்டுப் போயேன்" என்றாள். "ஏன்டி, உங்கப்பா என்ன பண்ணுனாரு?" "ஒண்ணுமில்ல, சும்மாதான்." சும்மா என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வாயைக் கட்டியிருக்கிறாள். தினமும் காலையில் அந்தக் கல் தன் கதவோரமாக உரசிக்கொண்டு வருவதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். கல் மட்டுமா. சைக்கிள், மரம், நடந்து போகிறவர்கள், நிறுத்தி வைத்த லாரி. இத்தனை மாதம் டயரோடு போயிற்று. அந்த மஞ்சள் துகள் விரலில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, புடவையில் துடைத்தேன், போகவில்லை, மறுபடி துடைத்தேன்.

அவர் சட்டையை உதறிக்கொண்டே வந்தார். "குடிச்சுட்டு ஓட்டறானுங்க எல்லாரும்" என்றார். கப்பில் மிச்சம் கொஞ்சம் டீ இருந்தது, அதை என்னிடம் நீட்டினார். "என்னாச்சு வண்டி? சொன்னானா?" சம்பத், "வண்டில ஒரு கொறையும் இல்லீங்க" என்றார். "அப்பறம் என்ன, நான் சொன்னதுதான்" என்று இவர் என் பக்கம் பார்வையை வீசினார். 'இப்ப சொல்லுங்க' என்பது என் நாக்கின் மேல்தான் இருந்தது. சொல்லத்தான் வந்தேன். மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது, அத்தனையும் சேர்ந்து நெஞ்சில் முட்டுகிறது, ஆனால் சொன்னால் யாரிடம் ஜெயிப்பது. ஜெயிக்கிறதற்குக்கூட எதிரில் ஒரு முழு ஆள் வேண்டுமே. "சட்டையெல்லாம் டீ, இங்க வாங்க" என்று கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன், பழைய டயர் அடுக்கியிருந்த மூலைக்கு. "என் கண்ணைப் பாருங்க." "எதுக்கு?" "பாருங்கன்னா பாருங்க, அக்கட்டால இக்கட்டால திரும்பக்கூடாது." லேபில் வருஷா வருஷம் கண் முகாம் வைப்பார்கள், அந்த டாக்டரம்மா எனக்குச் செய்ததுதான். என் வலது கையைத் தூக்கி, அவருக்கு இடப்பக்கமாக, தோளுக்குச் சற்றுத் தள்ளி, விரலை விரித்தேன். "எத்தன வெரல் காட்டறேன்?"

"எந்தக் கைல?" என்றார்.

கையைக் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்தேன். "இப்ப?" "கையே காட்டலையே நீ. என்ன வெளையாட்டு இது, கடைல வந்து?" இன்னும் முன்னால், இன்னும், விரல்கள் அவர் கன்னத்துக்கு நேராக வந்து, மூக்குக்குக் கிட்டத்தில் வந்தபோது திடுக்கிட்டுப் பின்வாங்கினார், சுவரிலிருந்து கை முளைத்து வந்ததுபோல. மறுபக்கம் காட்டினேன். "ரெண்டு" என்றார் உடனே. மறுபடி இடப்பக்கம். கண் என் கண்ணிலேயே இருந்தது, திருப்பக்கூடாது என்று நான் சொன்னதற்காகக் குழந்தைபோலத் திருப்பாமல் வைத்திருந்தார், அந்தக் கண்ணுக்குள் பயம் வருவதை நான் பார்த்தேன். அப்புறம் தலையை முழுதாகத் திருப்பினார். அங்கே என் கை இருந்தது. அத்தனை நேரமும் அங்கேதான் இருந்தது. "எப்பயிருந்து?" என்றார். அவர் என்னைக் கேட்கிறாரா, கையைக் கேட்கிறாரா தெரியவில்லை. "மாசிலயிருந்து இருக்கும்னு நெனைக்கறேன்." வாதாடுவார் என்று காத்திருந்தேன். நீ ஒரு டாக்டரா என்று கேட்பார், அதற்குப் பதில்கூட வைத்திருந்தேன். கேட்கவில்லை. மெதுவாக வண்டிக்குப் போனார். இடது பின் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நான் பார்த்த அதே பட்டையை, அந்த மழுங்கின எழுத்துமேல், கட்டைவிரலால் தடவினார். சக்கரம் முழுக்கத் தடவினார். ஒரு தடவை கதவை நிமிர்ந்து பார்த்தார், முன்பக்க இடது கதவை. "அம்மிணி இந்தப் பக்கந்தான உக்காருவா" என்றார். சௌமியாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். எழுந்திருக்கக் கை ஊன்றினார், முடியவில்லை, நான் பிடித்துக்கொண்டேன்.

சாவியை அவர் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வண்டியிலேயே இருந்தது. நான் வலப்பக்கம் போய் ஏறினேன், அவர் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். சம்பத் ஓடி வந்து, "அக்கா, நீங்களா எடுக்கறீங்க? பாத்துங்க, வெளிய ட்ராபிக்கு" என்றார். சீட்டை முன்னால் இழுத்தேன், கண்ணாடியை எனக்குத் தகுந்தபடி திருப்பினேன். கோபம் போய்விட்டதா என்று உள்ளே தேடினேன். போகவில்லை, அது அங்கேயே இருந்தது, ஆனால் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. மாதக்கணக்கில் என்னைக் குற்றவாளியாக்கி வைத்த மனுஷன்மேல் அது பாய வேண்டும், பாயப் போனால் அவர் பெல்ட்டின் கொக்கி இடப்பக்கம் எங்கே தொங்குகிறது என்று தெரியாமல் காற்றில் துழாவிக்கொண்டிருக்கிறார். குனிந்து எடுத்து மாட்டிவிட்டேன். எந்த ஆஸ்பத்திரி முதலில், கண்ணா, தலையா. கண்ணுக்கே போவோம், அவர்கள் சொல்லட்டும், அங்கிருந்து அனுப்பட்டும். திரும்பி வந்துவிடுமா அது. வராமல் போனால் இவர் என்ன செய்வார், காலையில் எழுந்து எந்தச் சாவியை எடுப்பார். சௌமியாவுக்கு என்ன சொல்வது. அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது, அவளிடம் நான் என்ன சொல்ல. முதல் கியர் போட்டேன். கிளட்ச் காலுக்கு அன்னியமாக இருந்தது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. கடை வாசலிலிருந்து மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் நின்றேன். வலப்பக்கம் பார்த்தேன், ஒரு லாரி போயிற்று, அப்புறம் யாருமில்லை. அவர் பழக்கதோஷத்தில், பக்கத்தில் உட்கார்ந்தால் எந்த டிரைவருக்கும் வாய் தானாகச் சொல்லுமே, அந்த மாதிரி, கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்தபடி, "லெப்ட்ல யாருமில்ல, எடு" என்றார். நான் எடுக்கவில்லை. முன்னால் சாய்ந்து அவரைத் தாண்டிப் பார்த்தேன். பிளாட்பாரத்தை ஒட்டி ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, வண்டி முன்னால் தாண்டலாமா வேண்டாமா என்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கையைக் காட்டினேன், தாண்டினாள். அவள் கண்ணாடிக்கு நடுவில் வந்தபோதுதான் அவர் உடம்பு அப்படியே பின்னுக்குப் போயிற்று. போகிறவளையே பார்த்தார், வலப்பக்கம் கடைசி வரைக்கும் பார்த்தார். அப்புறம் தன் முகத்தை, கழுத்தை, தோளைக்கூட, முழுதாக இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப யாருமில்ல" என்றார், ரொம்ப நேரம் பார்த்துவிட்டு. "நீயும் ஒருக்கா பாத்துக்க."

பார்த்துவிட்டு எடுத்தேன்.